சேனலை மாற்றிய பிறகு

அன்புள்ள அக்கா,

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம். நான் கொழுந்து பறிக்கிறேன், வீட்டுக்காரர் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

இந்தப் பனிக்காலத்தில் ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறோம். ஒரே அறை, ஒரே டிவி. பாட்டில் கட்டிப்பிடிக்கிற மாதிரி வந்தாலும், சீரியலில் முதலிரவுக் காட்சி வந்தாலும் வீட்டுக்காரர் உடனே சேனலை மாற்றிவிடுவார். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். மகன் சிரிப்பான். "இதையெல்லாம் பார்த்துத்தான் பிள்ளைங்க கெட்டுப்போகுது" என்பார் மாமியார். அதற்கு மேல் யாரும் பேசமாட்டோம்.

போன மாதம் பக்கத்து லைனில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, டூரிஸ்ட் வண்டி ஓட்டும் பையனோடு போய்விட்டாள். மூன்றாம் நாள் கூட்டி வந்தார்கள். பையன் மேல் கேஸ். பெண்ணுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் டிஷ்ஷைக் கழற்றிவிடலாம் என்று கோயில் கமிட்டியில் பேச்சு. என் வீட்டுக்காரரும் சரி என்கிறார். டிவியில் வருவது பிள்ளைகளை உண்மையிலேயே கெடுக்கிறதா? ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா? நாங்கள் என்ன செய்வது?

ஒரு தாய், நீலகிரி

அன்புள்ள தங்கைக்கு,

டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகிறது. அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்கிறீர்கள். பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெற்றோர் மேல் மட்டும் இல்லை, நடத்திவைக்கிறவர்கள் மேலும் வழக்கு வரும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டு ஆவதற்குள் கல்யாணம் ஆனவர்கள். அதில் எத்தனை கல்யாணம் இப்படி "மானம் போய்விடும்" என்ற பயத்தில் நடந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அந்தப் பெண் ஏன் போனாள் என்று அவளிடமே யாராவது கேட்டார்களா? கமிட்டி டிவியைப் பற்றிக் கூடிப் பேசியிருக்கிறது. அவளோடு ஒரு ஆள் உட்கார்ந்து பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். இருக்கிறது. பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ரெபெக்கா காலின்ஸ் குழு, 12 முதல் 17 வயது வரையுள்ள 1,792 பிள்ளைகளிடம் 2001இல் ஒரு முறையும், ஓராண்டு கழித்து இன்னொரு முறையும் தொலைபேசியில் விசாரித்தது. என்னென்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள், வாழ்க்கையில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டார்கள். டிவியில் பாலுறவு சார்ந்த காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்த பத்தில் ஒரு பங்குப் பிள்ளைகள், மிகக் குறைவாகப் பார்த்த பத்தில் ஒரு பங்கைவிட, அடுத்த ஓராண்டுக்குள் உடலுறவைத் தொடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2004இல் வெளியிட்டார்கள். காட்டினாலும் சரி, வெறுமனே அதைப் பற்றிப் பேசினாலும் சரி, விளைவு ஒரே மாதிரி இருந்ததாம். உங்கள் கமிட்டிக்காரர்கள் இதைக் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இதே கேள்வியை வட கரோலினா மாநிலத்தில் ஆராய்ந்து, ஊடகங்கள்தான் பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தள்ளுகின்றன என்று இன்னொரு குழு சொல்லியிருந்தது. அந்தக் குழுவின் தரவுகளை லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், கேத்ரின் மோனஹன் என்ற இருவர் 2011இல் எடுத்து மறுபடி கணக்குப் பார்த்தார்கள். குடும்பம், சுபாவம், நண்பர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமல் போய்விட்டது. ஏற்கெனவே அந்த வயதுக்குரிய ஆர்வம் மிகுந்த பிள்ளைதான் அந்த மாதிரி நிகழ்ச்சியைத் தேடிப் பார்க்கிறது, நிகழ்ச்சி பிள்ளையை மாற்றிவிடவில்லை என்பது அவர்கள் முடிவு. ஆக, இந்த வாதம் தீரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது 2004ஆம் ஆண்டு ஆய்வுக்குள்ளேயே இருக்கும் ஒரு விஷயம். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று பெற்றோர் தெரிந்து வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகள் நிதானமாகவே இருந்தார்கள்.

நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார அறிஞர்கள், கேபிள் புதிதாக வந்த கிராமங்களை 2001 முதல் 2003 வரை கவனித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் இருந்தன. கேபிள் வந்த ஊர்களில், மனைவியைப் புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. சீரியலில் வந்த நகரத்துப் பெண்களைப் பார்த்தே இது நடந்திருக்கலாம் என்றார்கள். டிவிக்கு மனதை மாற்றும் சக்தி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவர்கள், அது இந்தப் பக்கமும் மாற்றும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் கிடைக்காத லைன்களில் நம் பிள்ளைகள் பாடம் படித்தது கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்துத்தானே?

இப்போது நம் டிவியில் என்ன வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்க ஆய்வுகள் சொல்லும் அளவுக்கு உடலுறவுக் காட்சி தமிழ்ச் சேனல்களில் இல்லை. 'ஏ' சான்றிதழ் படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. உங்கள் வீட்டுக்காரர் மாற்றிவிடும் காட்சிகளில் பெரும்பாலும் ஒரு ஆணும் பெண்ணும் விருப்பத்தோடு கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அவர் மாற்றாமல் விட்டுவிடும் காட்சிகளைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 'யு' சான்றிதழோடு வரும் படம். கதாநாயகன் ஒரு பெண்ணின் பின்னாலேயே போகிறான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், காலேஜ் வாசலில் நிற்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள், திட்டுகிறாள், அழுகிறாள். அவன் நண்பர்கள் கைதட்டுகிறார்கள். மூன்றாவது பாட்டில் அவள் அவன் தோளில் சாய்ந்திருக்கிறாள். சீரியலில் இன்னும் மோசம். விருப்பமே இல்லாத பெண்ணின் கழுத்தில் ஒருவன் தாலி கட்டிவிடுகிறான், அடுத்த நூறு எபிசோட் அவள் அந்தத் தாலியைக் காப்பாற்றப் பாடுபடுகிறாள். காமெடிச் சேனலைப் போட்டால் இரட்டை அர்த்த வசனம், பெண்ணின் உடம்பைப் பற்றிய கிண்டல். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிறோம், பாட்டியும் சிரிக்கிறார். ரிமோட்டை யாரும் தொடுவதில்லை. பிள்ளை இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும்? இரண்டு பேர் விரும்பித் தொட்டுக்கொண்டால் அது அசிங்கம், பார்க்கக்கூடாது. ஒருத்தியை அவள் மறுக்க மறுக்கத் துரத்தினால் அது காதல், குடும்பத்தோடு பார்க்கலாம்.

பள்ளிகளில் வளரிளம் பிள்ளைகளோடு பேசப் போகும்போது, பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுக்கச் சொல்வேன். உடம்பைப் பற்றி நிறையக் கேட்பார்கள். முத்தம் கொடுத்தால் குழந்தை பிறக்குமா என்று ஒன்பதாம் வகுப்பிலும் கேட்கிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது, கலக்கம் வருவதில்லை. பதில் சொன்னால் தீர்ந்துவிடும் சந்தேகம் அது. என்னைக் கலங்க வைக்கும் சீட்டுகள் வேறு. "அவன் ஒரு வருஷமா பின்னாடியே வர்றான், பாவமா இருக்கு, சரின்னு சொல்லிடலாமா?" என்று ஒரு பெண். "எத்தனை தடவை கேட்டா ஓகே சொல்லுவாங்க?" என்று ஒரு பையன். இந்த இரண்டு பிள்ளைகளும் எந்த ஆபாசப் படத்திலிருந்தும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கற்றுக்கொண்டார்கள்.

2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நம் சினிமா பின்தொடர்வதைக் காதலாகக் காட்டுவது பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. சில மாதத்தில் அடங்கிவிட்டது. அதற்கு முன்பே, 2013இல், பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வது தனிக் குற்றமாகச் சட்டத்தில் வந்துவிட்டது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு. இது உங்கள் மகனுக்குத் தெரியுமா? எட்டாம் வகுப்பில் இருக்கும் பையனுக்கு இதைச் சொல்லலாம், தாராளமாகப் புரியும்.

மலையில் வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தமிழ் சினிமாவின் காதல் பாட்டுகளில் எத்தனையோ ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் எடுத்தவை. உங்கள் மகள் தினமும் நடந்து பள்ளிக்கூடம் போகிற தேயிலைச் சரிவுதான் டிவியில் அணைத்துக்கொள்ளும் இடமாக வருகிறது. அந்தப் பாட்டில் யாரும் கொழுந்துப் பையைச் சுமப்பதில்லை, அட்டை கடிப்பதில்லை, காட்டெருமை வழி மறிப்பதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் பின்னால் வரிசையாக நின்று இடுப்பை ஆட்டிவிட்டுப் போவார்கள். சீசனில் தேனிலவு ஜோடிகள் வண்டி வண்டியாக வந்து அதே இடத்தில் அதே மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தான் பிறந்த ஊர் மற்றவர்களுக்குக் காதல் செய்ய வரும் இடம் என்று பார்த்து வளரும் பெண்ணுக்கு, தன் வாழ்க்கை மட்டும் ஏன் விறகும் தண்ணீரும் தேர்வுமாக இருக்கிறது என்று தோன்றாதா? டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன், அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்களில் அந்த இன்னொரு உலகத்தோடு தினமும் பழகுகிறவன். நான் அவள் செய்ததை நியாயப்படுத்தவில்லை. ஆனால் டிஷ்ஷைக் கழற்றினால் இந்த ஏக்கம் போய்விடும் என்று நம்புவது பிள்ளைகளைச் சரியாகப் பார்க்காததால் வருவது.

அந்த வண்டி ஓட்டும் பையன் நிலைமையும் சாதாரணமானது இல்லை. பெண் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், "நானாக விரும்பித்தான் போனேன்" என்று அவள் சொன்னாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஏற்காது. உடலுறவு நடந்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. பெண்ணுக்குப் பதினாறு ஆகவில்லை என்றால் இருபதாண்டு. விடலைக் காதலில் விழுந்தவர்களைக் குற்றவாளி ஆக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது உண்மைதான். அதை நம்பி யாரும் துணிய முடியாது, ஒவ்வொரு வழக்கையும் நீதிமன்றம் தனித்தனியாகத்தான் பார்க்கும். எந்தப் படத்திலாவது ஓடிப்போகும் ஜோடிக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? லைனில் இருக்கும் ஒவ்வொரு பையனுக்கும் இதைச் சொல்வதற்குக் கமிட்டி ஒரு மாலை நேரத்தை ஒதுக்கலாம். டிஷ்ஷைப் பற்றிப் பேசிய அதே கூட்டம் போதும்.

நாம் எதை மறைக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் அரசாங்கமும் நம் வீடுகளைப் போலத்தான் நடந்துகொள்கிறது. 2017 டிசம்பரில், ஆணுறை விளம்பரங்களை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை மட்டும் போடச் சொல்லி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. கிளர்ச்சியூட்டும் விளம்பரங்களுக்கு மட்டும்தான் அது என்று பிறகு விளக்கமும் வந்தது. நோயிலிருந்தும் வேண்டாத கர்ப்பத்திலிருந்தும் காக்கும் தகவல் பத்து மணிக்கு மேல். துரத்தல் பாட்டு பகல் முழுக்க.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் நம் ஊரில்தான். 2000களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று டிவியிலும் சுவர்களிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நினைவிருக்கும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அந்தப் பயம் பெரிதாக இருந்த காலம் அது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் "புள்ளிராஜா யாரு, அது எப்படி வரும்?" என்று வீட்டில் கேட்டார்கள். கூச்சப்பட்டுக்கொண்டாவது பெரியவர்கள் ஏதோ ஒரு பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த விளம்பரத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது டிவி நம் வீடுகளுக்குச் செய்த நல்ல காரியமாகவே படுகிறது.

ராண்ட் குழுவின் இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். 'ஃபிரண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில், ஆணுறை போட்டும் ஒரு பெண் கருத்தரித்துவிட்டதாக 2001இல் ஒரு காட்சி வந்தது. ஆணுறை பெரும்பாலும் பலிக்கும், எப்போதாவது தவறும் என்ற தகவலும் அதில் இருந்தது. அந்தத் தொடரை வழக்கமாகப் பார்க்கும் பிள்ளைகளிடம் விசாரித்தபோது, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து பார்த்தவர்கள், பேசியவர்கள் அந்தத் தகவலைச் சரியாக நினைவு வைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. காட்சி ஒன்றுதான். பக்கத்தில் பேசுவதற்கு ஆள் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார். நான்கு பேர் உங்கள் மகளோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேனலை மாற்றிய பிறகு வரும் அந்த நிமிடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, அதுதான் குறை. பெண் வயதுக்கு வந்தால் சீர் வைத்து, பந்தல் போட்டு, ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி ஊருக்கே சொல்கிறோம். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளிடம் மட்டும் சொல்வதில்லை. வீட்டில் கேட்க முடியாத பிள்ளை, தன்னைவிட இரண்டு வயது மூத்த பிள்ளையிடம் கேட்கும். இல்லை, போனிடம் கேட்கும். டிவியைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். டிவி வீட்டு நடுவில் இருக்கிறது, என்ன ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். போன் கம்பளிக்குள் இருக்கிறது. அங்கே கிடைப்பது டிவியில் வருவதைவிடப் பல மடங்கு மோசம், அதைப் பற்றிப் பேச உங்கள் மகனுக்குப் பழக்கமே இருக்காது. அந்தப் பழக்கத்தை டிவி முன்னால்தான் தொடங்க முடியும்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். பிரசங்கம் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். துரத்தும் காட்சி வந்தால், "அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா, இவன் ஏன் இன்னும் பின்னாடி போறான்?" என்று பொதுவாகக் கேளுங்கள். மகன் சிரித்தால் சிரிக்கட்டும், காதில் விழுந்திருக்கும். தாலி கட்டும் காட்சி வந்தால், "இப்படிக் கட்டினா அது கல்யாணமே இல்ல, போலீஸ்ல சொல்லலாம்" என்று மகளைப் பார்த்துச் சொல்லுங்கள். கட்டிப்பிடிக்கும் காட்சி வந்தால் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கீழே வைக்கட்டும். அது இருபது விநாடியில் போய்விடும். கூச்சமாக இருந்தால், "எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா தப்பான விஷயம் இல்ல, வயசு வந்தப்புறம் ரெண்டு பேரும் விரும்பினா நடக்கிறதுதான்" என்று சொல்லிவிடலாம். முதல் தடவை கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.

மகளிடம் தனியாகப் பேச வேண்டியவை வேறு இருக்கின்றன. மாதவிடாய், கர்ப்பம் எப்படி உண்டாகிறது, யாராவது தொட்டால் என்ன செய்வது. கொழுந்து எடை போட்டுவிட்டு வரும் வழியில் பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் நடக்கும்போது பேசுவது எளிது. உங்களுக்கே சில விஷயம் சரியாகத் தெரியவில்லை என்றால், கிராம சுகாதார செவிலியரிடம் மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக 14417 என்ற அரசு உதவி எண் இருக்கிறது, மகளும் மகனும் அவர்களே பேசலாம்.

மாமியாரை விட்டுவிடாதீர்கள். லைனில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று மூன்று தலைமுறைக் கதை அவருக்குத் தெரியும். தன் காலத்தில் பதினான்கு வயதில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிரசவத்தில் பட்ட பாடு அவர் சொன்னால் பேத்தி கேட்பாள். நீங்களோ நானோ சொல்வதைவிட அது ஆழமாக இறங்கும்.

மகனிடம் பேச வேண்டியவர் அவன் அப்பா. இதை அவரிடம் காட்டுங்கள். மீசை அரும்பும் வயதில் உடம்பில் என்ன மாறுகிறது, ராத்திரியில் நடப்பதெல்லாம் நோய் இல்லை, பெண்ணைக் கிண்டல் செய்து போன் வீடியோ எடுத்தால் அது குற்றம், ஒருத்தி மாட்டேன் என்றால் அன்றோடு விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பேசிப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார், பையன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள். பதில் தெரியாத கேள்வி எதையாவது அவன் கேட்டிருந்தால், அதற்கான பதிலைத் தெரிந்துகொண்டு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா